ஆறுதலாப் போங்கோ

மோதியிருக்க வேண்டும். மோதவில்லை.

இருவருமே தப்பான பக்கத்தில் வந்ததுதான் அதற்குக் காரணம்.

வேல்ஸ் நாட்டின் நடுப்பகுதியில், மலைகளுக்கு இடையே மடித்துச் செருகிய கைக்குட்டை போல ஒளிந்திருக்கிறது லான்வேரின் என்ற சின்னக் கிராமம். அதற்குப் போகும் பாதை ஒன்றே ஒன்று. இருபுறமும் ஆள் உயரத்துக்கு முட்புதர் வேலி. ஒரு கார் போகலாம். இன்னொரு கார் எதிரே வந்தால், இரண்டில் ஒன்று பின்னோக்கிப் போய், பாதை கொஞ்சம் அகன்ற இடத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும். அப்படி அகன்ற ஒரு வளைவில்தான், அந்த வெள்ளிக்கிழமை மாலை, சிவப்புக் காரும் சாம்பல் நிறக் காரும் நேருக்கு நேர் வந்தன.

அந்த ஊர் வழக்கப்படி இருவரும் இடது பக்கம் ஒதுங்கியிருக்க வேண்டும். பதற்றத்தில் இருவருமே வலது பக்கம் ஒடித்தார்கள். முட்கள் கிறீச்சிட்டன... கண்ணாடிகள் உரசுவது போல வந்து, உரசாமல் விலகின... இரண்டு கார்களும் அக்கம்பக்கமாக நின்றன.

சிவப்புக் காரில் இருந்தவள் விதுஷா. அது அவளுடைய பெரியம்மாவின் கார். இந்தக் காட்டில் யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியத்தில், வாய்விட்டே சொன்னாள்.

"கடவுளே... கண் தெரியேல்லையோ இந்த மனுசனுக்கு!"

"தெரியுதுங்க! நல்லாவே தெரியுது!"

பக்கத்துக் காரிலிருந்து பதில் வந்தது. சுத்தமான தமிழ்நாட்டுத் தமிழ்.

விதுஷா திரும்பிப் பார்த்தாள். கலைந்த தலைமுடி, ஸ்டீயரிங்கை இன்னும் விடாமல் பிடித்திருக்கும் கைகள், கோபப்படலாமா என்று கேட்கும் புருவங்கள்... ஒரு இளைஞன்.

"நீங்கள்... தமிழோ?"

"அதை நான்தாங்க கேக்கணும். வேல்ஸ்ல வந்து தமிழ்ல திட்டு வாங்குவேன்னு கனவுல கூட நினைக்கல. நான் என் சைடுலதான் வந்தேன்."

"நானும் என்ர சைட்டிலதான் வந்தனான்!"

அதற்குள் விதுஷாவுக்கு நேர் எதிரே, சரியான பக்கத்தில், ஒரு டிராக்டர் வந்து முட்டாத குறையாக நின்றது. தொப்பியும் நரைத்த தாடியுமாக ஒரு விவசாயி இறங்கினார். எமிர் என்பது அவர் பெயர். இரண்டு கார்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சாவகாசமாக ஆங்கிலத்தில் சொன்னார்.

"ஒன்று, நீங்கள் இரண்டு பேரும் தப்பு. இல்லையென்றால், பிறந்ததிலிருந்து நான் தப்பு. எந்த ஊர் உங்களுக்கு?"

"டெக்சாஸ்..."

இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். சொல்லிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எமிர் தொடையைத் தட்டிச் சிரித்த சிரிப்பில், வேலிக்கு அப்பால் மேய்ந்த ஆடுகள் தலை தூக்கின.

"சார், ஒரு சந்தேகம்," என்று சாம்பல் நிறக் கார்க்காரன் பணிவாகக் கேட்டான். "அராஃப் என்கிற ஊர் எங்கே இருக்கிறது? வழியெல்லாம் ரோட்டில் வெள்ளைப் பெயின்டில் அராஃப், அராஃப் என்று எழுதியிருக்கிறது. ஊர் மட்டும் வரவே மாட்டேன் என்கிறது."

"அது ஊர் இல்லை, தம்பி. அரவ் என்று சொல்ல வேண்டும். எங்கள் மொழியில், மெதுவாகப் போ என்று அர்த்தம்."

விதுஷா கையால் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் கண்களை எதால் மூடுவது? அவை சிரித்துவிட்டன. அழலாமா, வெளுக்கலாமா என்று இன்னும் முடிவு செய்யாத அந்த ஊர் வானத்தின் நிறம் அவற்றுக்குள் இருந்தது. அவன் அதைப் பார்த்தான்... பார்த்தவன், ரிவர்ஸ் கியர் எங்கே இருக்கிறது என்பதையும் மறந்தான்.

உண்மையில் அது அவனுக்கு முன்பே தெரியாது. கடைசியில் எமிர்தான் அவன் காரில் ஏறி, அதைப் பின்னோக்கி ஓட்டி, வழியை விடுவித்தார்.

*

அவன் பெயர் நவநீதன். ஒட்டன்சத்திரத்துக்காரன். டெக்சாஸில் ரிச்சர்ட்சன் என்ற ஊரில் ஒரு கம்பெனியில் வேலை, ஃபிரிஸ்கோவில் வீடு. கார்டிஃப் நகரில் இருந்த கம்பெனி வேலை முடிந்து, சனி ஞாயிறை எங்காவது அமைதியாகக் கழிக்க நினைத்தவன், வரைபடத்தில் கண்ணை மூடிக் கை வைத்த இடம் லான்வேரின். அங்கே ஒரு பப், அதன் மாடியில் வாடகைக்கு இரண்டு அறைகள், ஒரு கடை, ஒரு பழைய தேவாலயம்... அவ்வளவுதான் ஊர்.

விதுஷாவின் பெரியம்மா பத்மராணி, அந்த ஊருக்கு நெடுங்காலம் வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஊருக்கே ராணி டாக்டர். டிராக்டர் ஊருக்குள் போய்ச் சேர்வதற்குள் செய்தி அவர் காதுக்குப் போய்விட்டது.

"ஒரு தமிழ்ப்பிள்ளை எங்கட ஊருக்கு வந்து, பப்பிலை உப்பில்லாத உருளைக்கிழங்கு சாப்பிடுறதோ? போய்க் கூட்டிக்கொண்டு வா, பிள்ளை."

"என்னைக் கொல்லப் பாத்தவருக்கு விருந்தோ, பெரியம்மா?"

"நீயும்தானே அவரைக் கொல்லப் பாத்தனி. சரிக்குச் சரி."

இடியப்பமும் சொதியும் ஆட்டிறைச்சிக் கறியும் மேசைக்கு வந்தன. நவநீதன் முதல் வாயைப் போட்டுவிட்டு அப்படியே நிமிர்ந்தான்.

"இது நீங்க சமைச்சதாங்க?"

"ஓம்," என்றாள் விதுஷா.

அவன் சட்டென்று கையிலிருந்த இடியப்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடினான்.

"என்ன செய்யிறியள்?"

"எங்க வீட்ல ஓம்னு சொன்னா, அடுத்து கற்பூரம் காட்டுவாங்க. அதான் வெயிட் பண்றேன்."

"எங்கட வீட்டிலை ஓம் எண்டால் யெஸ். அவ்வளவுதான். கற்பூரம் தேவையில்லை. சாப்பிடுங்கோ."

பத்மராணி கறிச்சட்டியை எடுக்கும் சாக்கில் சமையலறைக்குள் போய்ச் சிரித்தார்.

பேச்சு வளர்ந்தது. விதுஷா பத்து வயது வரை யாழ்ப்பாணம், பிறகு ரிச்சர்ட்சன். ஆடியாலஜிஸ்ட்; காது கேட்கும் திறனைச் சோதிப்பவள். இவனுடைய ஆபீஸிலிருந்து அவளுடைய கிளினிக்குக்கு இரண்டு சிக்னல் தூரம். ஒரே ஃப்ரீவே, ஒரே தோசைக்கடை, ஒரே ஆஞ்சநேயர் கோயில்... அங்கே கண்ணில் படாத இரண்டு பேர், கடலைத் தாண்டி வந்து ஒரு முட்புதர் வளைவில் முட்டப் பார்த்திருக்கிறார்கள்!

"என் காதையும் டெஸ்ட் பண்ணிப் பாருங்களேன்," என்றான் அவன்.

"உங்கட காது நல்லாக் கேக்குது. கார்க்கண்ணாடிக்குள்ளாலை நான் திட்டினதே கேட்டிருக்கே."

"அப்போ பாஸா?"

"கேக்கிறது வேற... விளங்கிறது வேற. அது ரெண்டாவது டெஸ்ட்." அவள் சொதியை ஊற்றினாள். "அதிலைதான் நிறையப் பேர் ஃபெயில்."

விளையாட்டாகத்தான் சொன்னாள்.

*

மறுநாள் காலை, ஊருக்குப் பின்னால் இருந்த மலையைக் காட்ட அவளே அவனை அழைத்துப் போனாள். பெரியம்மா ஒரு மழைக்கோட்டை அவனிடம் கொடுத்தார். அவருடைய கணவருடையது. அதன் கைகள் அவனுக்குக் குட்டையாகவும் வயிறு தாராளமாகவும் இருந்தன.

"நல்லா இருக்காங்க?"

"நீல மை பூசினால், ஆட்டுக்கூட்டத்திலை கலந்திடுவியள்."

அங்கே ஆடுகளுக்கெல்லாம் முதுகில் நீல மை. யாருடைய ஆடு என்று தெரிவதற்கு. ஈரப் புல்லில் அவை இறைத்துவிட்ட இட்லிகள் போலக் கிடந்தன. கீழே ஸ்லேட் கல் கூரைகள்... அவற்றின் மேல் மெல்லிய புகை... தூரத்தில் யாரோ கரைத்து ஊற்றியது போல அடுக்கடுக்காகப் பச்சை. மேலே ஒரு பருந்து, சிறகை அசைக்காமலே சுற்றியது.

டெக்சாஸில் எல்லாம் அகலம், எல்லாம் வேகம். இங்கே ஒரு மேகம் மலையைக் கடப்பதற்கே அரை நாள் எடுத்துக்கொண்டது. நவநீதனுக்கு அது புதிதாக இருந்தது. பக்கத்தில் நடந்தவளின் காலடிச் சத்தம் அதைவிடப் புதிதாக இருந்தது.

பாதையில் ஒரு மர வாசல். ஒரு நேரத்தில் ஒருவர்தான் நுழைந்து திரும்பி வெளியேற முடியும் என்கிற மாதிரி வளைவாகச் செய்த கதவு. பக்கத்தில் ஒரு பலகை. அவன் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தான்.

"கிஸ்ஸிங்..."

"...கேட்," என்று அவள் முடித்தாள். காது மடல் வரை சிவந்து போனாள். "சும்மா... பேர்தான் அது. ஆடு தாண்டாமல் இருக்கச் செய்தது."

"நான் ஒண்ணும் கேக்கலயேங்க..."

"கேக்க முதலே சொன்னனான்!"

மழை பிடித்துக்கொண்டது. அடித்துப் பெய்யாத மழை. யாரோ காதோரம் ரகசியம் சொல்வது போன்ற மழை. ஓடிப்போய்த் தேவாலய முகப்பில் ஒதுங்கினார்கள். அவள் இமை நுனியில் ஒரு துளி தங்கியிருந்தது... விழுமா, விழாதா... அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. மழை."

துளி விழுந்தது. இருவரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

"ஒண்ணு சொல்லணுங்க," என்றான் அவன், மழையைப் பார்த்தே. "கம்பெனில என்னை நியூ ஜெர்சிக்கு மூவ் பண்ணச் சொல்றாங்க. திங்கட்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். நேத்து சாயங்காலம் வரைக்கும் சரின்னு சொல்லத்தான் இருந்தேன்."

"இப்ப?"

அவன் முகப்பிலிருந்து கையை நீட்டி மழையைத் தொட்டுப் பார்த்தான். மழை விட்டது. இறங்கும் வழியில் மறுபடி அந்த மர வாசல். அவள் முதலில் நுழைந்து மறுபக்கம் போனாள். கதவு அவனுக்கும் அவளுக்கும் நடுவில் நின்றது. அப்போதுதான் அவன் பேசினான். கதவின் மரச்சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பரீட்சை வினாத்தாளைப் பார்ப்பவன் போல.

"விதுஷா, நான் கல்யாணம்னு கேக்கல. நேத்துத்தான் பார்த்தோம், அதெல்லாம் எனக்கும் தெரியுது. ஆனா... எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. திங்கட்கிழமை நான் நோ சொல்லி டெக்சாஸ்லயே இருந்தா... உங்களுக்கு ஓகேவா? அது மட்டும் சொல்லுங்க."

விதுஷாவின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று துள்ளி எழுந்தது. எழுந்த வேகத்திலேயே இன்னொன்று அதைப் பிடித்து உட்கார வைத்தது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சம்பந்தம். டொரண்டோவிலிருந்து. 'இண்டைக்கே சொல்லுங்கோ, மண்டபம் போயிடும்' என்று போனில் அவசரப்படுத்தினார்கள். அப்பாவின் முகத்தைப் பார்த்து, ஒரு மாலைக்குள் சம்மதம் சொன்னாள். அழைப்பிதழ் அச்சான பிறகு, மாப்பிள்ளையே வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அவசரம் என்ற சொல்லைக் கேட்டாலே அவள் ஒரு அடி விலகிவிடுவாள்.

ஆனால் இவன் வேறு... இவனோடு பேச வேண்டும். நிறைய. நிதானமாக. அவள் அவன் கண்களைப் பார்த்து, தன்னால் முடிந்த அளவு மென்மையாகச் சொன்னாள்.

"ஆறுதலாக் கதைப்பம்... சரியோ?"

நவநீதனின் முகம் விளக்கு அணைந்தது போல ஆனது.

ஆறுதல்!

அவனுடைய ஊரில் ஆறுதல் என்பது இழவு வீட்டில் சொல்வது. பரீட்சையில் தோற்றவனின் தோளைத் தட்டிச் சொல்வது. மூன்றாம் இடம் கூடக் கிடைக்காதவனுக்குக் கொடுக்கும் ஆறுதல் பரிசு! இல்லை என்பதை நேராகச் சொல்ல மனம் வராமல், நாலு வார்த்தை ஆறுதலாகப் பேசி அனுப்பப் பார்க்கிறாள்...

அவன் சிரிக்க முயன்றான்.

"ஆறுதல் எல்லாம் எனக்கு வேண்டாங்க. அந்தப் பழக்கமே எனக்கு இல்ல. விடுங்க."

விதுஷா ஒரு எட்டு பின்னால் போனாள்.

அவளுடைய ஊரில் ஆறுதலாக என்றால் அவசரமில்லாமல். சாப்பிடுபவரிடம் சொல்வது. படி இறங்கும் வயதானவரிடம் சொல்வது. அது வேண்டாமாம். அந்தப் பழக்கமே இல்லையாம். இப்போதே, இந்தக் கதவடியிலேயே பதில் வேண்டும் இவனுக்கு... இவனும் அவசரக்காரன்தான்.

"அப்ப சரி," என்றாள். குரல் குளிர்ந்திருந்தது.

மலை இறங்கும் வரை அவள் பத்தடி முன்னாலேயே நடந்தாள்.

வீட்டில் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தவளைப் பெரியம்மா எட்டிப் பார்த்தார். "என்ன பிள்ளை, முகம் ஒரு மாதிரி?"

"ஒண்டுமில்லை. அவருக்கு ஆறுதல் எல்லாம் வேண்டாமாம், பெரியம்மா."

"இந்தக் காலத்துப் பெடியள் எல்லாம் அப்பிடித்தான். எல்லாம் உடன வேணும்," என்று சொல்லிவிட்டு, அவளுக்குப் பிடித்த நீலச் சட்டையை அவரே மடித்து வைத்தார்.

*

ஞாயிறு விடிந்ததும் விதுஷா ரயிலுக்குப் போய்விட்டாள். மான்செஸ்டரில் அவளுக்கு விமானம்.

நவநீதன் லண்டனுக்குக் கிளம்பும் முன், மழைக்கோட்டைத் திருப்பிக் கொடுக்க ராணி டாக்டர் வீட்டு வாசலில் காரை நிறுத்தினான். உள்ளே போகவில்லை. ஜன்னல் வழியாகவே கொடுத்தான்.

"ரொம்ப தேங்க்ஸ் ஆன்ட்டி. வரேன்."

பத்மராணிக்கு அவன்மேல் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் வீட்டுக்கு வந்து சாப்பிட்ட பிள்ளை. பாதையைப் பார்த்தார். இரவெல்லாம் பெய்த மழை.

"ரோட்டு ஈரம். ஆறுதலாப் போங்கோ தம்பி."

அவன் காதில் அது ஊசியாக இறங்கியது. பெரியம்மாவிடமும் சொல்லிவிட்டாள்! குடும்பமே சேர்ந்து ஆறுதல் சொல்கிறது! ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். புதர்கள் இருபுறமும் பறந்தன. அந்த வளைவு... முதல் நாள் அவள் சிரித்த வளைவு... ஈரத்தில் டயர் லேசாக வழுக்கியது. சட்டென்று பிரேக் போட்டான்.

கார் நின்றது. அதன் மூக்குக்கு முன்னால், ரோட்டில், கழுவித் துடைத்த வெள்ளை எழுத்துகள்.

அரவ்.

மெதுவாகப் போ என்று அர்த்தம், தம்பி...

அவன் மூச்சு வாங்கினான். ரோடு ஈரமாக இருக்கிறது என்று சொன்னார்கள். ரோடு ஈரமாக இருந்தால்... அதற்கு எதற்கு ஒருத்தனுக்கு ஆறுதல்?

ரோட்டு ஈரம். ஆறுதலாப் போங்கோ.

ஆறுதலாக் கதைப்பம்... சரியோ?

"அடப்பாவி!" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டான்.

திரும்பிப் போக வேண்டும். ஆனால் அந்தப் பாதையில் காரைத் திருப்ப இடம் ஏது? ஒரே வழிதான். கியரைப் பிடித்தான். எமிர் கையை எப்படி அழுத்தித் திருப்பினார் என்று நினைத்துப் பார்த்தான். கறகறவென்று ஒரு சத்தம்... பிறகு கார் பின்னால் நகர்ந்தது. கழுத்தை முறித்துத் திரும்பிப் பார்த்தபடி, முள்ளில் உரசி, வேலியில் இடித்து, மறுபடி நேராக்கி, ராணி டாக்டர் வீடு வரை அவன் பின்னோக்கியே போனான். வழியில் ஒதுங்கி நின்ற எமிர், டிராக்டரிலிருந்தே தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தார்.

"ஆன்ட்டி! ஆறுதலாப் போங்கன்னா என்ன அர்த்தம்?"

பத்மராணி வாளியும் கையுமாக விழித்தார். "என்ன தம்பி கேள்வி? பதறாமல், மெல்லமாப் போங்கோ எண்டு."

"ஆறுதலாக் கதைப்பம்னா?"

"இருந்து, அவசரமில்லாமல் கதைப்பம் எண்டு. ஏன், நீங்கள் என்னெண்டு நினைச்சனியள்?"

"எங்க ஊர்ல செத்த வீட்ல சொல்றதுதாங்க ஆறுதல்."

பத்மராணி வாளியைக் கீழே வைத்தார். முதலில் தோள்கள் குலுங்கின. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் அளவுக்குச் சிரித்தார். சிரித்து முடித்ததும் அவர் முகம் கனிந்தது.

"அவள் முந்தி ஒருக்கால் அவசரப்பட்டு ஓம் எண்டு சொல்லிக் காயப்பட்ட பிள்ளை, தம்பி. அதுதான் ஆறுதல் கேட்டவள். உங்களைப் பிடிக்காமல் இல்லை."

அவன் தலை குனிந்து நின்றான்.

"நம்பர் தரட்டோ? இப்பவே எடுத்துச் சொல்லுங்கோ."

அவன் கை நீண்டது. பிறகு மடங்கியது.

"வேண்டாம் ஆன்ட்டி. போன்ல சொன்னா மறுபடியும் ஏதாச்சும் ஒரு வார்த்தை கவுத்துடும். அவங்க முகத்தைப் பார்த்துச் சொல்லணும். அதுவரைக்கும் நீங்களும் சொல்லாதீங்க, ப்ளீஸ்."

"சனிக்கிழமையில தகப்பனைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போறவள்," என்று மட்டும் சொன்னார் பத்மராணி, வாளியைப் பார்த்து. "இப்ப போங்கோ. ஆனால்..."

"ஆறுதலாப் போறேன் ஆன்ட்டி."

*

திங்கட்கிழமை காலை, ரிச்சர்ட்சன் ஆபீஸில், நவநீதன் நியூ ஜெர்சி வேண்டாம் என்று எழுதினான். வேண்டாம் என்றதால் அதோடு வரவிருந்த பதவி உயர்வும் போனது. மேனேஜர் காரணம் கேட்டார். பர்சனல் என்றான்.

அவளிடமிருந்து அவனுக்கு எந்த உறுதியும் இல்லை. அவள் முகம் திருப்பிக்கொள்ளலாம். இல்லையென்று சொல்லலாம். இருந்தும் அனுப்பு என்ற பொத்தானை அவன் தயங்காமல் அழுத்தினான். ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை.

இரண்டு சிக்னல் தூரத்தில், விதுஷா ஒரு வயதானவரின் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டிருந்தாள். 'சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்கள்...' இன்று திங்கள். இந்நேரம் சரி என்று சொல்லியிருப்பான். சொல்லட்டும். அவசரக்காரனுக்கு நியூ ஜெர்சிதான் பொருத்தம். அப்படி நினைத்தும், வாசல் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் அவள் ஏன் நிமிர்ந்து பார்த்தாள்?

சனிக்கிழமை. ஃபிரிஸ்கோ ஆஞ்சநேயர் கோயில். வெயில் தார் ரோட்டை வறுத்துக்கொண்டிருந்தது. பார்க்கிங்கில் இடமே இல்லை. அப்பா ஆனந்தராஜா உள்ளே யாரோ பழைய நண்பரைக் கண்டு கதைக்கத் தொடங்கிவிட்டார். அவர் தொடங்கினால் முடியாது. காரை வாசலுக்குக் கொண்டுவந்து வைக்கலாம் என்று விதுஷா எடுத்தாள். இரண்டு வரிசைக் கார்களுக்கு நடுவில் இருந்த ஒடுக்கமான வழியில் திரும்பினாள்.

எதிரே ஒரு கார். நேருக்கு நேர்.

நல்ல நாள் பார்த்து வந்தார்கள்... என்று அலுத்துக்கொண்டே ஹார்னில் கை வைத்தவள், அப்படியே நின்றாள்.

அந்தக் கார் மெல்ல... மிக மெல்ல... பின்னோக்கிப் போனது. கோணாமல், இடிக்காமல், வழியை விட்டு ஒதுங்கி நின்றது. கதவு திறந்தது. கலைந்த தலைமுடி. புருவங்களில் இப்போது கோபம் இல்லை. பயம் இருந்தது.

அவள் கண்ணாடியை இறக்கினாள். வெயில் உள்ளே பாய்ந்தது.

"நியூ ஜெர்சி போகேல்லையோ?"

"நோ சொல்லிட்டேன்."

"ஆரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கலங்க. உங்களுக்கு ஒரு கடமையும் கிடையாது. நான் இங்கயே இருக்கேன், அவ்வளவுதான்." அவன் ஒரு எட்டு முன்னால் வந்தான். "விதுஷா, ரெண்டாவது டெஸ்ட்ல நான் ஃபெயில்."

"என்ன டெஸ்ட்?"

"கேக்கிறது வேற, விளங்கிறது வேறன்னு சொன்னீங்களே. ஆறுதலாக் கதைப்பம்னு நீங்க சொன்னது எனக்கு நல்லாவே கேட்டுச்சு. ஆனா எங்க ஊர்ல ஆறுதல்னா, தோத்தவனுக்குச் சொல்றதுங்க. துக்கத்துக்குச் சொல்றது. நீங்க என்னை வேண்டாம்னுட்டு, பாவம்னு தேத்துறீங்கன்னு நினைச்சுட்டேன். அதான்... ஆறுதல் வேண்டாம்னேன்."

விதுஷா எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினாள். அந்த மர வாசல்... அணைந்து போன அந்த முகம்... எல்லாம் ஒரு நொடியில் வேறு நிறத்தில் திரும்பி வந்தன. அவன் அவசரப்படவே இல்லை. அவன் உடைந்து போயிருக்கிறான்.

"அப்ப நீங்கள்... என்னை அவசரப்படுத்தேல்லையோ?"

"இல்லவே இல்ல. இப்பவும் இல்ல. ரோட்ல எழுதியிருந்ததே, அதுதான். அரவ்." அவன் சொற்களை ஒவ்வொன்றாக, உடையும் பொருளைத் தூக்கி வைப்பவன் போல எடுத்து வைத்தான். "ஒரு மாசம் ஆகட்டும், ஒரு வருஷம் ஆகட்டும். தோசைக்கடைல உக்காந்து பேசுவோம். சண்டை போடுவோம். பிடிக்கலன்னா சொல்லுங்க. உங்க ஊர் அர்த்தத்துல, ஆறுதலா. நான் எங்கயும் போகல... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அது மட்டும் மெதுவால்லாம் வரல. அந்த வளைவுலயே வந்துடுச்சு."

பின்னாலிருந்து யாரோ ஹார்ன் அடித்தார்கள். இருவருக்கும் கேட்கவில்லை.

அவளுடைய கண்கள்... அழலாமா, வெளுக்கலாமா என்று முடிவு செய்யாமலே இருந்த அந்தக் கண்கள்... இரண்டையும் ஒன்றாகச் செய்தன.

இவ்வளவு நேரம் தனக்குத் தந்த ஒருவனிடம் சொல்வதற்கு, அதிக நேரம் தேவைப்படவில்லை என்பதுதான் அவளுக்கே ஆச்சரியம்.

"ஓம்," என்றாள்.

அவன் கோபுரத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"கோயில் வாசல்ல நின்னு சொல்றீங்க. அது சாமிக்கா... எனக்கா?"

"உங்களுக்குத்தான். எனக்கும் அந்த வளைவிலையே பிடிச்சிட்டுது. சொல்லத்தான் பயந்தனான்." கன்னத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "கற்பூரம் தேவையில்லை."

அந்த நேரம் பார்த்து, கையில் பிரசாதப் பொட்டலத்தோடு ஆனந்தராஜா வந்து சேர்ந்தார். வெயிலில் நிற்கும் பையனை மேலும் கீழும் பார்த்தார். மகளின் ஈரக் கண்களைப் பார்த்தார். அந்தக் கண்கள் சிரிப்பதையும் பார்த்தார். இரண்டு வருடமாக அவர் காணாத சிரிப்பு அது.

"ஆர் பிள்ளை இது?"

விதுஷா காரின் கதவை அப்பாவுக்குத் திறந்து விட்டாள். நவநீதனை ஒரு முறை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"ஏறுங்கோ அப்பா. ஆறுதலாச் சொல்லுறன்."